பின்பால்: பந்து இன்னும் விழவில்லை

1999-ல் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த விளையாட்டு மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆனால் மதுக்கடை மூலையிலிருந்து அது வசதி படைத்தவர்களின் வீட்டு அறைக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது.

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1999 அக்டோபர் 25-ம் தேதி தன் பின்பால் பிரிவை இழுத்து மூடியது. அதே ஆண்டில்தான் அது தன் கடைசி அஸ்திரத்தை ஏவியிருந்தது. அதன் பெயர் 'பின்பால் 2000'. வீடியோ திரையின் பிம்பம் கண்ணாடியில் பட்டு ஆட்டப் பலகையின் மேல் தெரியும். உருண்டு வரும் இரும்புப் பந்து செவ்வாய்க் கிரகத்து ஆசாமிகள் மீதே மோதுவதுபோல் தோன்றும். இந்த வகையில் வந்த முதல் இயந்திரம் 7,000-க்குச் சற்றுக் குறைவாக விற்றது. மோசமில்லை. ஆனால் அதே குழுமத்தின் இன்னொரு பிரிவு சூதாட்ட விடுதிகளுக்கு ஸ்லாட் இயந்திரங்களைச் செய்து லாபத்தை அள்ளிக்கொண்டிருந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். பின்பால் தோற்றது.

இதில் ஒரு விபரீத வேடிக்கை உண்டு. சூதாட்டம் என்று முத்திரை குத்தப்பட்டு அமெரிக்க நகரங்களில் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட விளையாட்டு இது. கடைசியில் அதை விழுங்கியது நிஜமான சூதாட்டம்தான்.

வில்லியம்ஸ் மூடியபின் மிஞ்சியது ஒரே ஒரு தொழிற்சாலை. ஜப்பானின் சேகா நிறுவனம் கைகழுவிய பின்பால் பிரிவை கேரி ஸ்டெர்ன் அதே 1999-ல் வாங்கித் தன் பெயரைச் சூட்டினார். அவருடைய தந்தை சாம் ஸ்டெர்ன் ஒரு காலத்தில் வில்லியம்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர். அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக, உலகத்துக்குத் தொடர்ந்து பின்பால் இயந்திரம் செய்து அனுப்பிய நிறுவனம் என்று சொல்ல ஸ்டெர்னைத் தவிர வேறு யாருமில்லை. அது ஒரு நாள் கதவைச் சாத்தியிருந்தால் நூற்றாண்டுத் தொழில் ஒன்று அன்றோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக இந்த இயந்திரத்தைச் செய்யும் நிறுவனங்கள் பல. புதிய மாடல் அறிவித்ததும் ஆயிரம் இயந்திரங்கள் முன்பதிவிலேயே விற்றுப்போகும் சங்கதியும் நடக்கிறது. பிழைத்துவிட்டது, சரி. யாருக்காகப் பிழைத்தது என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஆணிப் பலகையின் வாரிசு

இந்திய வாசகருக்கு பின்பால் என்றதும் நினைவுக்கு வருவது அநேகமாகக் கம்ப்யூட்டர் திரைதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மேலதிகாரி அந்தப் பக்கம் திரும்பியதும் 'ஸ்பேஸ் கேடட்' ஆடியவர்கள் டெல்லி அலுவலகங்களிலும் இருந்தார்கள், தூத்துக்குடி அலுவலகங்களிலும் இருந்தார்கள். 64 பிட் கம்ப்யூட்டருக்கு அதை மாற்ற முயன்றபோது பந்து தடுப்புகளை ஊடுருவிக் கீழே விழுந்துவிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க முடியாமல் மைக்ரோசாஃப்ட் அந்த ஆட்டத்தையே கைவிட்டது. அதற்கும் முந்திய தலைமுறைக்குத் தெரிந்தது பொருட்காட்சியில் வாங்கிய ஆணிப் பலகை. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் கோலிக்குண்டு மேலேறி, ஆணிகளில் தட்டுத் தடுமாறி, எண் எழுதிய ஏதாவது ஒரு அரைவட்டத்தில் வந்து விழும்.

பின்பாலின் மூதாதை அதுவேதான். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871-ல் ஸ்பிரிங் கம்பி வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1931-ல், டேவிட் காட்லீப் 'பாஃபிள் பால்' என்ற சிறு மேஜையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை பதினேழரை டாலர். ஒரு சென்ட் போட்டால் சில பந்துகள் கிடைக்கும். பொருளாதார மந்தத்தில் வேலையற்று நின்ற மக்களுக்கு அதைவிட மலிவான பொழுதுபோக்கு ஏது? 50,000-க்கும் மேல் விற்றது. காட்லீப் செய்த மேஜைகள் போதாமல் ரேமண்ட் மலோனி என்ற விநியோகஸ்தர் தானே 'பாலிஹூ' என்று ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பாலி நிறுவனம் பிறந்த கதை அது.

அந்த மேஜைகளில் இன்றுள்ள துடுப்புகள் கிடையாது. பந்தை ஏவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேஜையைத் தட்டலாம், ஆட்டலாம். அதிகம் ஆட்டினால் ஆட்டம் நின்றுபோகும்படி 'டில்ட்' என்ற காவலாளியை 1930-களில் ஹாரி வில்லியம்ஸ் உள்ளே வைத்தார். மற்றபடி எல்லாம் அதிர்ஷ்டம். சில இயந்திரங்கள் காசும் கொடுத்தன. நியூயார்க் மேயர் ஃபியரெல்லோ லா கார்டியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் காசைப் பறிக்கும் சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் தடை விதித்தார். போலீசார் ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். சம்மட்டியால் அவற்றை மேயரே உடைக்கும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது.

விளையாட்டின் குணத்தை மாற்றியது 1947-ல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'. ஹாரி மாப்ஸ் வடிவமைத்த அந்த இயந்திரத்தில் ஆறு துடுப்புகள் இருந்தன. அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், இரண்டு துடுப்புகள் போதும், அவற்றைக் கீழே வைத்தால் போதும் என்று செய்து காட்டினார். இன்றுவரை அடிப்படை அதுதான். விதியை வேடிக்கை பார்த்தவன் அன்றிலிருந்து விதியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தான்.

சட்டத்துக்கு இது உறைக்கக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1976 ஏப்ரலில் நியூயார்க் நகர சபையின் அறையில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் ஓர் இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டார். இது திறமையின் ஆட்டம் என்று நிரூபிக்க வேண்டும். பந்து மேலே உள்ள நடுப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஸ்பிரிங்கை இழுத்தார். சொன்னபடியே இறங்கியது. தடை நீங்கியது. அந்த ஒரு பந்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது வேறு விஷயம்.

மேடும் பள்ளமும்

பின்பாலின் பொற்காலங்களில் ஒன்று 1990-களின் தொடக்கம். 1992-ல் பாலி பெயரில் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 விற்றது. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் உள்ளே இருந்த ரிலேக்கள் போய் மைக்ரோபிராசஸர் வந்திருந்தது. இயந்திரம் பேசியது, பாடியது, கதை சொன்னது. ஆனால் வீட்டு டிவியில் செருகும் வீடியோ ஆட்டங்கள் வலுத்தபோது விளையாட்டுக் கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. 1996-ல் காட்லீப் நின்றது. புதிதாக இறங்கிய கேப்காமும் அதே ஆண்டில் பின்வாங்கியது. 1999-ல் வில்லியம்ஸ்.

தனியாக நின்ற ஸ்டெர்னும் 2008-ன் பொருளாதாரச் சரிவில் ஆட்டம் கண்டது. ஊழியர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியிலிருந்து முதலீடு வந்தது. அதற்குள் ஒரு மாற்றம் ஓசைப்படாமல் நடந்திருந்தது. சிறுவயதில் காசு போட்டு ஆடியவர்கள் நாற்பதைத் தாண்டி, கையில் பணத்தோடு, அந்த இயந்திரத்தையே வீட்டில் வாங்கி வைக்க விரும்பினார்கள். தொழிற்சாலைக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

2011-ல் நியூஜெர்சியில் ஜாக் குவார்னியேரி தொடங்கிய 'ஜெர்சி ஜாக்' இந்தப் புதிய வாடிக்கையாளரைக் குறிவைத்தே இறங்கியது. அதன் முதல் இயந்திரம் 'விஸர்ட் ஆஃப் ஆஸ்' 2013-ல் பெரிய வண்ணத் திரையோடு வந்தது. விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரில் 'ஸ்பூக்கி' என்ற குடும்ப நிறுவனம் முளைத்தது. 'சிகாகோ கேமிங்' பழைய வில்லியம்ஸ் மேஜைகளை உரிமம் பெற்று மறுபடி செய்தது. 2017-ல் 'ஹூடினி'யோடு வந்த அமெரிக்கன் பின்பாலுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. அதன் பின்னால் இருந்தது எய்ம்ட்ரான் என்ற மின்னணு உற்பத்திக் குழுமம். குஜராத்தின் வதோதராவிலும் அதற்கு ஆலை இருக்கிறது.

2020-ன் கொள்ளைநோய்க் காலம் இந்தப் போக்குக்குத் தூபம் போட்டது. வீட்டில் அடைபட்டவர்கள் வீட்டுக்கே விளையாட்டை வரவழைத்தார்கள். பழைய இயந்திரங்களின் விலைகூட ஏறியது.

ஏழாயிரம் டாலர் கணக்கு

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்டெர்ன் ஒவ்வொரு மாடலையும் மூன்று தரத்தில் விற்கிறது. மிக எளிய 'ப்ரோ' சுமார் 7,000 டாலர், அதாவது ஏறக்குறைய ஆறு லட்ச ரூபாய். ஆயிரம் மட்டுமே செய்யப்பட்ட 2024-ன் 'ஜாஸ்' லிமிடெட் எடிஷன் சுமார் 13,000 டாலர். ஜெர்சி ஜாக்கின் சேகரிப்பாளர் பதிப்புகள் 15,000 டாலரைத் தொட்டிருக்கின்றன.

வீட்டுக்கு வாங்குபவருக்கு இது ஆசையின் விலை. மதுக்கடையில் இயந்திரத்தை வைத்துக் காசு பார்க்க வேண்டியவருக்கு இது முதலீடு. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு டாலர். வழக்கப்படி கடைக்காரருக்குப் பாதி. எஞ்சுவது ஐம்பது சென்ட். 7,000 டாலரை மீட்க 14,000 ஆட்டங்கள் வேண்டும். நாளைக்கு இருபது ஆட்டம் என்றால் எழுநூறு நாட்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பழுதுபார்க்கும் செலவு, உதிரிப் பாகங்கள், போக்குவரத்து எதையும் இதில் சேர்க்கவில்லை. அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். பழசை ஆட ஆள் குறையும். மறுவிற்பனையில் நல்ல விலை கிடைப்பதால்தான் பலர் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்கிறார்கள். அந்த மறுவிற்பனையிலும் இயந்திரம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீடுதான்.

ஆட்டத்தின் கருப்பொருள்களிலும் வாங்குபவரின் வயது தெரிகிறது. ஏசி/டிசி, மெட்டாலிகா, அயர்ன் மெய்டன், லெட் செப்பலின், ரஷ் என்று ராக் இசைக் குழுக்கள். ஜாஸ், ஜுராசிக் பார்க் என்று 1970-கள் முதல் 1990-கள் வரையிலான திரைப்படங்கள். 2025-ல் ஜெர்சி ஜாக் ஹாரி பாட்டரைக் கொண்டுவந்தது அடுத்த தலைமுறைக்கு விட்ட தூது. ஆனால் அந்தத் தலைமுறையின் கையில் இவ்வளவு பணம் இருக்கிறதா?

ஆசை அதிகமான இடத்தில் ஏமாற்றமும் சேரும். ஒரு பின்பால் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அதை வடிவமைப்பது ஒரு கலை. மாதம் நூறு என்று தொடர்ந்து செய்து அனுப்புவது இன்னொரு கலை. முதலாவது தெரிந்து இரண்டாவது தெரியாத பலர் ரசிகர்களிடம் முன்பணம் வாங்கினார்கள். பிரிட்டனின் ஹைவே பின்பால் 2018-ல் மூழ்கியது. ஆஸ்திரேலியாவின் ஹாகிஸ் 2024-ல் மூழ்கியது. ஹாலந்தின் டச்சு பின்பால் 'பிக் லெபோவ்ஸ்கி'க்கு வாங்கிய பணத்தோடு தயாரிப்பாளருடன் தகராறில் சிக்கி, வாடிக்கையாளர்களை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தது. டெக்சாஸில் டீப்ரூட் குழுமம் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிப் பின்பால் பிரிவிலும் கொட்டியது. 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதன் தலைவர் மீது மோசடி வழக்குத் தொடுத்தது. இந்தத் தொழிலில் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள் அல்ல, ரசிகர்கள். ரசிகன் கணக்குக் கேட்பதில்லை. அதுவே பலமும் பலவீனமும்.

மூலையில் இன்னும் வெளிச்சம்

இவ்வளவுக்கும் நடுவில் பொது இடத்துப் பின்பால் செத்துவிடவில்லை. சியாட்டில், போர்ட்லண்ட் போன்ற நகரங்களில் மதுக்கடையும் விளையாட்டுக் கூடமும் சேர்ந்த இடங்கள் நன்றாக நடக்கின்றன. அவற்றைத் தாங்குவது தனியாக வந்து காசு போடுபவர்கள் மட்டுமல்ல, வாராந்திர லீக் போட்டிகளும்தான். சர்வதேச ஃபிளிப்பர் பின்பால் சங்கம் உலகம் முழுவதும் ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசை போடுகிறது. அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் ரோஜர் ஷார்ப்பின் இரண்டு மகன்கள். 2013-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பெண்களுக்கென்று தொடங்கிய 'பெல்ஸ் அண்ட் சைம்ஸ்' அமைப்பு பல நகரங்களுக்குப் பரவியது. 2017-ல் உலகப் பட்டத்தை வென்ற எஷர் லெஃப்காஃபுக்கு அப்போது வயது 13. நடுத்தர வயது ஆண்களின் ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

தொழிலுக்குப் புது ரத்தமும் இந்த வழியாகவே வந்திருக்கிறது. கீத் எல்வின் பல போட்டிகளில் வென்ற ஆட்டக்காரர். வீட்டில் தன் கையால் ஓர் இயந்திரம் செய்தார். ஸ்டெர்ன் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. 'அயர்ன் மெய்டன்', 'ஜுராசிக் பார்க்', 2021-ல் வந்த 'காட்ஸில்லா' எல்லாம் அவர் கைவண்ணம். ஸ்காட் டேனிசி வீட்டில் தொடங்கிய மேஜையை 2017-ல் ஸ்பூக்கி சந்தைக்குக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டுப் பலகைகள் தனியாக விற்பனைக்குக் கிடைப்பதால், ஒரு தச்சுப் பட்டறையும் கொஞ்சம் புரோகிராமிங்கும் தெரிந்தவர் இன்று சொந்தமாகப் பின்பால் செய்து பார்க்கலாம். 1930-களின் தொடக்கத்தில் மலோனி செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

நிறுவனங்களுக்கும் பொது இடத்தின் அருமை தெரிகிறது. 2021-ல் ஸ்டெர்ன் கொண்டுவந்த 'இன்சைடர் கனெக்டட்' ஏற்பாட்டில் ஆட்டக்காரர் தன் செல்போனில் உள்ள கியூஆர் குறியை இயந்திரத்தில் காட்டுகிறார். எந்த ஊரில் எந்த இயந்திரத்தில் ஆடினாலும் அவர் கணக்கில் பதிவாகிறது. யாருடைய இயந்திரம் எவ்வளவு ஓடுகிறது, எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று உரிமையாளரும் தெரிந்துகொள்ளலாம். வீடியோ விளையாட்டின் வழக்கத்தை இரும்புப் பந்துக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி இது.

ஆனால் செல்போனால் செய்ய முடியாத ஒன்று உண்டு. பந்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை சுமார் 80 கிராம். அது ஆறரை டிகிரி சரிவில் ஓயாமல் ஓடி மோதுகிறது. பொத்தானை அழுத்தினால் மின்காந்தச் சுருள் ஒன்று இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுத்துத் துடுப்பைத் தூக்குகிறது. ஒரு மாலைக்குள் ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும். ரப்பர் வளையம் இறுகும், ஒயர் அறும், பலகையில் கரி படியும், ஸ்விட்ச் வளையும். வாரம் ஒருமுறை திறந்து துடைக்காத இயந்திரத்தில் ஆட்டம் மந்தமாகிவிடும். துடுப்பு வலுவிழந்தால் முதல்முறை ஆட வந்தவன் அடுத்த முறை வரமாட்டான். இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களில் பலர் 1970, 80-களில் தொழில் கற்றவர்கள். ரிலே வைத்த பழைய இயந்திரத்தின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிலும் குறைவு. உதிரிப் பாகம் கிடைக்கிறது. கைதான் கிடைப்பதில்லை.

திரை ஆட்டம் இதற்கு மாற்றாகுமா? ஹங்கேரியின் ஸென் நிறுவனம் 2018-ல் வில்லியம்ஸ் மேஜைகளின் உரிமம் பெற்று அவற்றைக் கம்ப்யூட்டரில் தருகிறது. இயந்திரத்தையே பார்த்திராத ஊர்களில் ஆட்டத்தின் விதிகளைக் கற்க அது உதவும். இந்தியாவில் இருப்பவருக்கு இப்போதைக்குக் கைக்கெட்டும் வழியும் அதுதான். ஆனால் இடுப்பால் மேஜையை மெல்ல இடித்துப் பந்தின் போக்கை மாற்றும் வித்தையைத் திரை கற்றுத்தராது. அதே மேஜை, அதே பந்து, நேற்றுப்போல் இன்று ஓடாது. அந்தக் கிறுக்குத்தனம்தான் ஆட்டமே.

வீட்டுக்குள் போகும் பொக்கிஷம்

2021-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் இந்த விளையாட்டின் முன் உள்ள இரண்டு பாதைகளையும் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவின் பானிங் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களோடு இருந்த பின்பால் அருங்காட்சியகம் மூடப்பட்டது. செப்டம்பரில் அத்தனையும் ஏலத்துக்கு வந்தன. எதிர்பார்த்ததைவிட அதிக விலைக்குப் போயின. ஒரே கூரையின் கீழ் யாரும் வந்து ஆடக்கூடியதாக இருந்த சேகரம் நூற்றுக்கணக்கான தனி வீடுகளுக்குச் சிதறியது. அதே ஆண்டில் லாஸ் வேகாஸில் டிம் ஆர்னால்டின் 'பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்' நகரின் பிரதான சாலையில் பெரிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. காசு போட்டால் ஆடலாம். சூதாட்ட விடுதிகளின் தெருவிலேயே அது நிற்கிறது என்பது 1999-ஐ நினைப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்.

வீட்டில் வாங்கி வைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பணம் இல்லையென்றால் தொழிற்சாலைகள் இல்லை. பல பழைய இயந்திரங்கள் குப்பைக்குப் போகாமல் தப்பியதும் அவர்களால்தான். ஆனால் தெருமுனைச் சங்கத்திலிருந்து கேரம் போர்டு மறைந்து, வசதியான வீடுகளின் வரவேற்பறையில் மட்டும் இருந்தால் அடுத்த தலைமுறை ஸ்ட்ரைக்கர் பிடிக்க எங்கே கற்கும்? இன்று 13,000 டாலர் கொடுத்து வாங்குபவர் ஒரு காலத்தில் இருபத்தைந்து சென்ட் போட்டு ஆடிய சிறுவன். இன்று அந்தச் சிறுவனுக்கு ஆட இடம் இல்லையென்றால், முப்பது ஆண்டுகள் கழித்து இயந்திரம் வாங்க ஆள் இருக்காது. சேகரிப்பாளர்களிடம் மட்டும் விற்கும் நிறுவனம் தன் விதைநெல்லை விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே பின்பாலின் வருங்காலத்தை நிர்ணயிக்கப்போவது அடுத்த லிமிடெட் எடிஷன் எத்தனை நிமிடத்தில் விற்றது என்பதல்ல. மதுக்கடைக்காரரும் வாங்கிக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மாடல் வருகிறதா, பழைய மெக்கானிக்கின் பக்கத்தில் ஒரு இருபது வயதுப் பையனோ பெண்ணோ ஸ்குரூ டிரைவரோடு நிற்கிறார்களா, செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டத்துக்கு எட்டுப் பேராவது வருகிறார்களா என்பவைதான். தொழிற்சாலையைக் காப்பாற்றப் பணம் போதும். ஆட்டத்தைக் காப்பாற்ற, யாரோ ஒருவர் அந்த மூலை மேஜையின் கண்ணாடியைக் கழற்றி, கரி படிந்த பலகையை வாரம் தவறாமல் துடைத்தாக வேண்டும்.